டிவிஎஸ்-ல முதல் எழுத்து எந்த ஊர் தெரியுமா? களக்காட்டுக்குப் பக்கத்துல பிறந்த ஒரு பிரேக் கதை!

ரோட்டோரமா ஒரு பத்து நிமிஷம் நின்னு எண்ணிப் பாருங்க. எக்ஸ்எல், ஜூபிடர், அப்பாச்சின்னு எப்படியும் நாலஞ்சு டிவிஎஸ் வண்டி உங்களைத் தாண்டிப் போயிருக்கும். அந்த மூணு எழுத்துல இருக்கிற ‘டி’ ஒரு ஊரோட பேர். திருக்குறுங்குடி. ‘வி’ங்கிறது அப்பா பேர், வேங்கரம். கடைசியில வர்ற ‘எஸ்’தான் நம்ம ஆள், சுந்தரம். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார்.

களக்காட்டுல இருந்து தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டு, வாழைத் தோட்டங்களுக்கு நடுவுல கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினா திருக்குறுங்குடி வந்துடும். 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. நம்பி கோயில், நம்பியாறு, மலைமேல் நம்பின்னு ஊரே ‘நம்பி’ மயம். இந்த ஊரைப் பத்திப் பேசுறவங்க கோயிலைப் பேசுவாங்க, கைசிக ஏகாதசி நாடகத்தைப் பேசுவாங்க, புலிகள் காப்பகத்தைப் பேசுவாங்க. தென்னிந்தியாவோட மோட்டார் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருத்தர் இங்கே பிறந்தவர்ங்கிறது பல பேருக்கு அப்புறமாத்தான் ஞாபகம் வரும்.

இவர் கதையை இப்போ சொல்ல ஒரு காரணம் இருக்கு. இன்னிக்கு நிறைய பசங்க வீட்டு வாசல்லயே ஜாக்கி போட்டு, யூடியூப் பார்த்து, கார் முன்சக்கரத்து பிரேக் பேடு, டிஸ்க் எல்லாம் தாங்களே மாத்துறாங்க. அது நல்லதா, ஆபத்தா? பதில் தெரிஞ்சுக்கணும்னா, இந்த வேலையை ‘யார் வேணும்னாலும் செய்யலாம்’ங்கிற இடத்துக்குக் கொண்டு வந்தது எதுன்னு பார்க்கணும். அங்கே இந்த மனுஷன் வந்து நிக்கிறார்.

பஞ்ச காலத்துப் பிள்ளை

சுந்தரம் பிறந்தது 1877 மார்ச் 22. தமிழ்ல தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார்கள் வாயில தலைமுறை தலைமுறையா வந்துச்சே, அதே வருஷம். சென்னை மாகாணம் முழுக்க மக்கள் லட்சக்கணக்கில் செத்துக்கிட்டிருந்த காலம். திருநெல்வேலிக்கு ரயில் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ரயிலடியை விட்டு இறங்கினா அப்புறம் எல்லாம் மாட்டு வண்டி, இல்லைன்னா நடராஜா சர்வீஸ்.

அப்பாவோட ஆசைப்படி வக்கீல் வேலைக்குப் போனார். பிறகு ரயில்வேயில வேலை. அதுக்கப்புறம் பேங்க். அந்தக் காலத்துல இந்த மூணுல ஏதாவது ஒண்ணு கிடைச்சாலே சொந்தக்காரங்க மத்தியில தலை நிமிர்ந்து நடக்கலாம். இவர் மூணையும் பார்த்துட்டு மூணையும் விட்டார். படிச்ச குடும்பம், உத்தியோகம் தேடிக்கிற அளவுக்கு வசதி, சமூகத்துல மேல இருந்த இடம்... இதெல்லாம் அவருக்கு இருந்தது. அதனால ‘ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சார்’னு சினிமாக் கதை சொல்லத் தேவையில்லை. ஆனா 34 வயசுல, குடும்பஸ்தனா, பென்ஷன் வர்ற பாதையை விட்டு இறங்கினவர்ங்கிறது உண்மை.

1911-ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ். 1912-ல மதுரையில பஸ் சர்வீஸ்.

அன்னிக்கு பிரேக் எப்படி இருந்துச்சு?

இங்கே கொஞ்சம் நிக்கணும். 1912-ல பஸ் ஓட்டுறதுன்னா என்னன்னு இன்னிக்கு ஏசி பஸ்ல ரீல்ஸ் பார்த்துக்கிட்டே போற நமக்குப் புரியாது.

அந்தக் காலத்துல உலகம் முழுக்க அதிகமா வித்த கார் ஃபோர்டு மாடல் டி. அதுல முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது! கால்ல மிதிக்கிற பிரேக், கியர் பெட்டிக்குள்ள இருக்கிற ஒரு பட்டையை இறுக்கும். கையால இழுக்கிற பிரேக், பின்சக்கரத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான். மத்த வண்டிகளும் பெரும்பாலும் பின்சக்கர பிரேக்தான். மிதியில இருந்து சக்கரம் வரைக்கும் இரும்புக் கம்பிகள் போகும். ஒரு பக்கம் கம்பி கொஞ்சம் நீளமா, மறுபக்கம் கொஞ்சம் குட்டையா இருந்தா, மிதிச்சதும் வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும்.

பிரேக் பிடிச்சதும் நம்ம உடம்பு முன்னாடி சாயுது இல்லையா, வண்டியோட எடையும் அப்படித்தான் முன்சக்கரத்து மேல சாயும். அதனால நிறுத்துற வேலையில பாதிக்கும் மேல முன்சக்கரத்தோடது. அந்தச் சக்கரத்துல பிரேக்கே இல்லாம, மண் ரோட்டுல, மாட்டு வண்டிகளுக்கு நடுவுல, ஆட்களை ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்காங்க. இன்னிக்கு முன் பிரேக் பேடு தேஞ்சா ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடுறவங்க, நூறு வருஷம் பின்னாடி போய் வண்டி ஓட்டுறாங்கன்னு அர்த்தம்.

நாலு சக்கரத்துலயும் பிரேக்ங்கிறது 1920-கள்லதான் பரவலாச்சு. இரும்புக் கம்பிக்குப் பதிலா ஆயிலோட அழுத்தத்துல வேலை செய்யுற ஹைட்ராலிக் பிரேக், செவர்லே கார்களுக்கு 1936-லயும் ஃபோர்டு கார்களுக்கு 1939-லயும் வந்தது. சுந்தரம் அய்யங்கார் தன் வாழ்நாள்ல பாதியை, பிரேக் இப்படி ஒவ்வொரு படியா மாறிக்கிட்டே வந்த வண்டிகளோடதான் கழிச்சார்.

டைம்னா டைம்!

மதுரைப் பக்கம் பெரியவங்க கிட்ட டிவிஎஸ் பஸ்னு சொல்லிப் பாருங்க. ஒரு கதை கண்டிப்பா வரும். பஸ் வர்ற நேரத்தை வெச்சு ஊர்க்காரங்க கடிகாரத்தைத் திருத்திக்குவாங்களாம். இன்னொரு கதை, மாட்டு லாடத்துல இருந்து ரோட்டுல விழுந்து கிடக்கிற ஆணிகளைப் பொறுக்க, பஸ்ஸுக்கு முன்னாடி காந்தம் கட்டின வண்டியை ஓட விடுவாங்களாம். வாட்ஸ்அப்புல சுத்துற கதைகள் எல்லாத்தையும் அப்படியே நம்பணும்னு இல்லை. ஆனா கவனிங்க. ஜனங்க ஞாபகத்துல நின்னது பஸ்ஸோட வேகம் இல்லை. நேரமும், பஞ்சரும்தான். அதாவது பராமரிப்பு.

சதர்ன் ரோட்வேஸ்ங்கிற பேர்ல பஸ்ஸும் லாரியுமா வண்டிகள் பெருகுச்சு. வண்டி பெருகினா என்ன ஆகும்? டயர் தேயும். பார்ட்ஸ் உடையும். கப்பல்ல இருந்து வர்ற வரைக்கும் பஸ் ஷெட்ல நிக்கும். நிக்கிற பஸ் சம்பாதிக்காது. இங்கேதான் இவரோட மூளை வேலை செஞ்ச விதம் தெரியுது. தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டித் திரும்ப ஓட வைக்கிற ரீ-ட்ரேடிங் தொழிற்சாலை வெச்சார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை வித்து சர்வீஸ் பண்ண சுந்தரம் மோட்டார்ஸ். உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். ஒவ்வொண்ணும் ‘பஸ் ஏன் நிக்குது?’ங்கிற கேள்விக்குக் கிடைச்ச ஒரு பதில் மாதிரியே இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. ரேஷன்ல கிடைக்கிறதை வெச்சு பஸ் ஓட்ட முடியாது. அப்போ வந்ததுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட். வண்டியோட சேர்த்து ஒரு பெரிய உருளை. அதுக்குள்ள மரக்கரியைப் போட்டு, காத்தை அளவா விட்டு எரிச்சா, எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பணும். பெட்ரோல்ல ஓடுற அளவு சக்தி வராது. கிளம்புறதுக்கு முன்னாடி நெருப்பு மூட்டிக் காத்திருக்கணும். கரி அள்ளுற கிளீனர் பையன் மூஞ்சி முழுக்கக் கறுப்பா இருக்கும். அந்த வாயுவுல கார்பன் மோனாக்சைடும் இருக்கும், அதனால கவனமாக் கையாளணும். ஆனா பஸ் ஓடுச்சு. போர்க்காலத்துல தென்னிந்தியாவுல வண்டிகள் நின்னுடாம இருக்க இது உதவியது.

என் கருத்தைக் கேட்டா, இந்த மனுஷனோட பெரிய சாதனைன்னு முதல் பஸ்ஸைச் சொல்ல மாட்டேன். பஸ் அன்னிக்கு வேற பல பேரும் விட்டிருக்காங்க. மரக்கரியில ஓட வெச்சதும், தேஞ்ச டயரைத் திருப்பி உருட்டினதும், பார்ட்ஸைக் கடையில கிடைக்கிற சாமானா மாத்தினதும்தான் பெருசு.

சௌந்தரம்

மகள் கதையைச் சொல்லாம இவர் கதை முழுசாகாது. இதுல வண்டி இல்லை, மெக்கானிக் இல்லை. ஆனா அந்த வீட்டுல உண்மையான சோதனை வந்த இடம் இதுதான்.

மகள் சௌந்தரம், 1904-ல பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசுலயே கல்யாணம் பண்ணிக் கொடுத்தாங்க. மாப்பிள்ளை டாக்டர். அவர் இளம் வயசுலயே இறந்துட்டார். 1920-கள்ல, ஆசாரமான ஒரு அய்யங்கார் குடும்பத்துல, இருபத்திச் சொச்சம் வயசுல விதவையான பொண்ணோட மிச்ச வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா அந்த வீட்டுல பொண்ணைத் திரும்பப் படிக்க அனுப்பினாங்க. டெல்லியில லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. 1936-ல சௌந்தரம் டாக்டர் ஆனார்.

அடுத்த அடிதான் கஷ்டம். காந்தி வழியில வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஜி.ராமச்சந்திரன்ங்கிற கேரளக்காரரைக் கல்யாணம் பண்ணிக்க சௌந்தரம் விரும்பினார். மறுமணம், அதுவும் வேற சாதி, வேற மொழி. வீட்டுல முதல்ல சம்மதம் இல்லை. காந்தி ரெண்டு பேரையும் கொஞ்ச காலம் பிரிஞ்சு இருந்து, மனசு மாறுதான்னு பார்க்கச் சொன்னார். மாறலை. 1940-ல காந்தியோட ஆசியோட கல்யாணம் நடந்தது. 1947-ல திண்டுக்கல் பக்கத்துல இந்தத் தம்பதி ஆரம்பிச்சதுதான் காந்திகிராமம். இன்னிக்கு அங்கே பல்கலைக்கழகமே இருக்கு. சௌந்தரம் பின்னாடி மத்திய அரசுல கல்வித்துறை துணை அமைச்சராகவும் ஆனார். அப்பாவை முழு சீர்திருத்தக்காரரா வர்ணிச்சா அது பொய்யாகும். படிக்க வெச்சவரும் அவர்தான், மறுமணத்துக்குத் தயங்கின வீடும் அவரோடதுதான். ரெண்டும் சேர்ந்துதான் அந்த மனுஷன்.

தொழில்ல இருந்து அவர் ஒதுங்கினதும் அப்படித்தான், கவனிக்க வேண்டிய விஷயம். கடைசி வரைக்கும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருக்காம, பொறுப்பை மகன்கள் கிட்ட ஒப்படைச்சுட்டு விலகினார். 1955 ஏப்ரல் 28, அதிகாலை. கொடைக்கானல் வீட்டுல, தூக்கத்துலயே உயிர் பிரிஞ்சது. வயசு 78.

அதே வருஷம் அக்டோபர்ல பாரிஸ் மோட்டார் கண்காட்சியில சித்ரோன் டிஎஸ்-னு ஒரு கார் வந்தது. முன்சக்கரத்துல டிஸ்க் பிரேக்கோட, நிறைய எண்ணிக்கையில தயாரான முதல் கார்கள்ல அது ஒண்ணு. ஆறு மாசத்துல தவற விட்டுட்டார்! டிஸ்க்குங்கிற யோசனை புதுசு இல்லை, இங்கிலாந்துல லான்செஸ்டர் 1902-லயே காப்புரிமை வாங்கினதுதான். 1953-ல லெ மான்ஸ் பந்தயத்துல டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டிரம் பிரேக் சூடானா டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், சூடு உள்ளேயே தங்கும். டிஸ்க் காத்துல திறந்து கிடக்கும், சீக்கிரம் ஆறும், தண்ணி பட்டாலும் சட்டுனு காயும். மாஞ்சோலை மாதிரி மலை ரோட்டுல இருந்து இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

அப்பாவுக்குப் பிறகு மகன்கள் போன பாதையைப் பாருங்க. 1962-ல சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியா, இங்கிலாந்தோட கிர்லிங் தொழில்நுட்பத்தோட. அதே வருஷம் சுந்தரம் கிளேட்டன், லாரி பஸ்களுக்கு ஏர் பிரேக். 1974-ல சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். பஸ் கம்பெனியா ஆரம்பிச்ச குடும்பம், பஸ்ஸை நிறுத்துற சாமான் செய்யுற குடும்பமா ஆயிடுச்சு. பஸ்கள் மட்டும் கையை விட்டுப் போச்சு. அரசு தனியார் பஸ்களை எடுத்துக்கிட்டப்போ, 1972-ல மதுரையில பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாச்சு. அதுல இருந்து பிரிஞ்சுதான் நெல்லைக்குக் கட்டபொம்மன் கழகம் வந்தது. டிவிஎஸ் 50 ஓசூர்ல இருந்து வந்தது அதுக்கெல்லாம் பிறகு, 1980-ல.

சரி, வாசல்ல ஜாக்கி போடலாமா?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். முன்பக்க பேடு, டிஸ்க் மாத்துறது இன்னிக்கு வீட்டுல செய்யக்கூடிய வேலைதான். செய்ய முடியுதுன்னா அதுக்குக் காரணம், உங்க கார் மாடலைச் சொன்னதும் கடை அண்ணாச்சி சரியான அளவு பெட்டியை எடுத்து மேஜை மேல வைக்கிறார்ங்கிறது. அந்தப் பெட்டிக்காகத்தான் ஒரு காலத்துல பஸ்கள் ஷெட்ல வாரக்கணக்கா காத்திருந்துச்சு. ஆனா பெட்டி கிடைக்கிறது வேற, வேலை தெரியுறது வேற. முதல் தடவை செய்யுறவங்க, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு செய்யுறது புத்திசாலித்தனம்.

முதல்ல பாருங்க. பேடு புதுசுல சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குப் பக்கத்துல வந்தா மாத்திடணும். கீச்சுனு சத்தம் வருதுன்னா, பேடு தேஞ்சா சத்தம் போட்டு எச்சரிக்க ஒரு தகடு வெச்சிருப்பாங்க, அது உரசுதுன்னு அர்த்தமா இருக்கலாம். கரகரன்னு இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வந்தா ஏற்கெனவே லேட். டிஸ்க்கோட குறைந்தபட்ச கனம் அதுலயே ஓரத்துல பொறிச்சிருக்கும். அளந்து அதுக்குக் கீழ போயிருந்தா டிஸ்க்கையும் மாத்தணும். மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி இழுக்கும். 1920-கள்ல கம்பி பிரேக் பண்ணின அதே வேலை!

சமமான தரையில வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வெச்சு முட்டுக் கொடுங்க. வீல் நட்டை, சக்கரம் தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திடணும். தூக்கின பிறகு தளர்த்தப் போனா சக்கரம் சுத்தும், வண்டி ஆடும். அடுத்தது ரொம்ப முக்கியம். வண்டியோட வர்ற ஜாக்கி, ஸ்டெப்னி மாத்த மட்டும்தான். அதை நம்பி வண்டிக்குக் கீழ கையோ தலையோ விடாதீங்க. கீழ ஜாக் ஸ்டாண்ட் வெச்சு, அது மேல எடையை இறக்குங்க. ஸ்டாண்ட் இல்லையா? அன்னிக்கு வேலையும் இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேணாம். அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

சக்கரத்தைக் கழட்டினா டிஸ்க்கைக் கவ்விக்கிட்டிருக்கிறது கேலிப்பர். பின்னாடி ரெண்டு போல்ட் இருக்கும். கழட்டினதும் கேலிப்பர் வெளியே வரும். அதை ஹோஸ்ல தொங்க விடாம, கம்பியால சுருள் ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடுங்க. ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளியே தெரியாது, ஒரு நாள் அவசரத்துல மிதிக்கும்போதுதான் தெரியும். பேடு எடுத்த தூசியை வாயால ஊதாதீங்க. பழைய காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, இப்போ நல்ல கம்பெனிகள் போடுறதில்லைன்னாலும் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போற சாமான் இல்லை. ஈரத் துணி, இல்லைன்னா பிரேக் கிளீனர்.

டிஸ்க் மாத்துறதா இருந்தா, கேலிப்பரைத் தாங்குற பிராக்கெட்டோட ரெண்டு பெரிய போல்ட்டையும் கழட்டணும். மழைக்காலம் நல்லா பார்த்த வண்டின்னா டிஸ்க் துருப்பிடிச்சு ஹப்போட ஒட்டிக்கிட்டு வராது. சில டிஸ்க்குல ரெண்டு மரை போட்ட ஓட்டை இருக்கும், அதுல போல்ட் போட்டு மாத்தி மாத்தி முறுக்கினா தானா வெளியே தள்ளும். ஹப் முகத்துல இருக்கிற துருவை வயர் பிரஷ்ஷால சுத்தமாத் தேய்ங்க. ஒரு சின்னத் துருக் கட்டி நடுவுல மாட்டினாலும் டிஸ்க் சாஞ்சு உக்காரும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். புது டிஸ்க் மேல துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவியிருப்பாங்க. அதைக் கிளீனர் போட்டுத் துடைக்காம மாட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

புது பேடு கனமா இருக்கும். அதனால கேலிப்பர்ல இருக்கிற பிஸ்டனை உள்ளே தள்ளணும். பழைய பேடை மேல வெச்சு சி-கிளாம்ப்பால மெதுவா, நேரா தள்ளுங்க. அப்போ ஆயில் மேல ஏறும். பானெட்டுக்குள்ள இருக்கிற பிரேக் ஆயில் டப்பா பொங்குதான்னு ஒரு கண் வெச்சுக்கோங்க. பெயின்ட் மேல கொட்டினா பெயின்ட்டே உரிஞ்சு வரும். கேலிப்பர் வழுக்குற பின்களுக்கு பிரேக்குக்குன்னே இருக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்க. வண்டிக் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். பேடோட உரசுற முகத்துலயும் டிஸ்க் மேலயும் ஒரு பொட்டு கிரீஸ் கூடப் படக்கூடாது.

ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க. குழம்பினா பார்த்துக்க இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும். போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், டார்க் ரெஞ்ச் வாடகைக்காவது வாங்கிக்கோங்க.

எல்லாம் மாட்டின பிறகு, வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க. முதல் மிதி அப்படியே தரை வரைக்கும் போகும். பிஸ்டன் திரும்ப வந்து பேடைத் தொடணும் இல்லையா, அதான். கெட்டியாகிற வரைக்கும் மிதிங்க. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவங்க வீட்டுக் காம்பவுண்ட் சுவர் பல ஊர்ல சாட்சி. பல தடவை மிதிச்சும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தாலோ, எங்கேயாவது ஆயில் கசிஞ்சாலோ ரோட்டுக்கே எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

கடைசியா ஒரு வேலை பாக்கி. புது பேடும் புது டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமா, 50, 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 10, 15 வரைக்கும் நிதானமா குறைங்க. முழுசா நிறுத்த வேணாம். இடையில ஆற விட்டு, ஒரு பத்து தடவை. அடுத்த 200, 300 கிலோமீட்டருக்கு அவசியம் இல்லாம அழுத்திப் பிடிக்காதீங்க.

களக்காட்டுக்காரங்களுக்கு ரூட் நானே சொல்லிடறேன். விடிகாலையில கிளம்பி திருக்குறுங்குடி போயிட்டு வாங்க. நம்பி கோயிலைப் புதுப்பிக்கிறதுல சுந்தரம் அய்யங்காரோட பேரன் வேணு சீனிவாசனுக்குப் பெரிய பங்கு உண்டு, அதையும் ஒரு எட்டு பார்த்துடலாம். ரோடு முக்கால்வாசி காலியாத்தான் இருக்கும். மாடு மட்டும் குறுக்கே வரும், பார்த்துக்கோங்க.